புல்தரை சுருங்கிய விதம்

ஞானவேல் வீட்டில் வெள்ளிக்கிழமையானால் முதலில் தலைக்குக் குளிப்பது புல்தரைதான். அதற்கப்புறம் தொட்டியில் தண்ணீர் மிச்சமிருந்தால் அவருடைய மனைவி சண்முகசுந்தரி குளிப்பாள்.

பெருமாள்மலை முக்கிலிருந்து பழனி ரோட்டில் ஒரு வளைவு இறங்கினால் அவர்கள் வீடு. வீட்டுக்குப் போர் போட்டபோது முந்நூறு அடி வரைக்கும் கல்லும் காற்றும்தான் வந்தன. குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். வியாழக்கிழமை சாயங்காலம் லாரித் தண்ணீர் வரும். மறுநாள் வெள்ளனே ஞானவேல் ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவார். அரை மணி நேரம் புல்லுக்கு. அவர் திரும்பி வரும்போது சண்முகசுந்தரி தலையில் எண்ணெய் வைத்து, சீயக்காய்க் கிண்ணத்தோடு குளியலறை வாசலில் நிற்பாள்.

"அரை வாளி இருக்கும். பாத்துப் புழங்கு" என்பார் அவர்.

இடுப்பளவு முடிக்கு அரை வாளி. மூன்று கோடைகள் இப்படியே போயின. அவர் கெட்ட மனுஷன் இல்லை. தானும் அரை வாளியில்தான் குளித்தார். புல்லுக்காக அவர் பட்டினி கிடக்கக்கூடத் தயார் என்பதுதான் சிக்கல்.

அந்தப் புல்மேல் அவருக்கு அப்படி ஒரு ஆசை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இருபது வயசில், பழனி அடிவாரத்தில் அப்பாவின் கடையில் நின்றுகொண்டிருந்த காலத்தில், கொடைக்கானலில் ஒரு பங்களாவுக்குப் பஞ்சாமிர்த டப்பாக்கள் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். கேட்டைத் திறந்ததும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை விரிப்பு. நேராக நடந்தால் இருபது எட்டில் வாசல். காவல்காரர் அவரை நிறுத்தி, புல்லை மிதிக்காமல் ஜல்லிப் பாதையில் சுற்றிப் போகச் சொன்னார். அவர் சுற்றித்தான் போனார். அன்றைக்கு மனசுக்குள் விழுந்த விதை அது. முப்பத்தைந்து வருஷம் வேல், விபூதிப்பை, சாமி படம் விற்று, கடையை மகன் செந்தில்வேல் கையில் கொடுத்துவிட்டு, மலைமேல் வீடு கட்டியதும் முதல் காரியமாக ஓசூரிலிருந்து மெக்சிகன் புல்லைப் பாய் பாயாகச் சுருட்டி லாரியில் வரவழைத்தார். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகையும் வைத்தார்: புல்லை மிதிக்காதீர்.

அதை மிதிக்க அங்கே ஒருத்தரும் வரவில்லை. ஞானவேல் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் புல் வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு அதன்மேல் நடப்பார். மாடி முகப்பிலிருந்து காப்பி குடித்துக்கொண்டே அதைப் பார்ப்பார். அவருக்கு முழங்கால் மடங்காது என்பதால் களை பிடுங்குகிற சோலி சண்முகசுந்தரிக்கு.

வைகாசியில் ஒரு கல்யாணத்துக்காக அவள் பழனிக்குப் போனாள். கிரிவீதியில் ஆட்டோவுக்குக் காத்து நின்றபோது, ரோட்டு ஓரத்தில் தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்த ஒரு பச்சை கண்ணில் பட்டது. மழை பெய்து மாசக்கணக்கு ஆகியிருந்தது. பாதயாத்திரைக்காரர்கள், குதிரைவண்டி, தேங்காய் மட்டை ஏற்றிய தள்ளுவண்டி எல்லாம் அதன்மேல்தான் போயின. மிதிபட்ட இடத்திலும் சின்னச் சின்ன வெள்ளைப் பூ தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பொடுதலை. தலைப் பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுகிற அதே பொடுதலை.

கல்யாணப் பட்டுச்சேலையோடு அவள் அங்கேயே உட்கார்ந்தாள். கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்த ஒரு கொடியைக் கிள்ளி எடுத்தாள். அப்புறம் இன்னொன்று. ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்தாள். தாம்பூலப்பையிலிருந்த தேங்காய் கைக்கு மாறியது. பையில் பொடுதலை ஏறியது.

பஸ் மலை ஏறும்போது அவள் தாம்பூலப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஐம்பத்தெட்டு வயசில் இன்ன காரணம் என்று சொல்ல முடியாமல் சிரிப்பு வந்தது. பக்கத்து சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். சண்முகசுந்தரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புல்தரை கீழ்ப்பக்கம் சரிந்து ஒரு கம்பிவேலியில் முடியும். வேலிக்கு அந்தப் பக்கம் திருமலைச்சாமியின் பீன்ஸ் காடு. அவரும் அவர் மனைவி சோலையம்மாளும் தகப்பன் பாட்டன் காலத்திலிருந்து அந்தச் சரிவில் விவசாயம் பார்க்கிறவர்கள். சோலையம்மாள் வேலியோரமாக வந்து நின்று பேசுவாள். சண்முகசுந்தரிக்கு மலைமேல் பேச்சுத்துணை அவள் ஒருத்திதான்.

"என்னக்கா, புல்லைப் பிடுங்கிட்டு எதையோ ஊனுறீங்க?"

"களை பிடுங்குறேன் சோலை."

சோலையம்மாள் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு மாடி முகப்பைப் பார்த்தாள். அங்கிருந்து இந்தச் சரிவு தெரியாது.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியணுமா?"

சோலையம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் ஒரு களைக்கொத்தைக் கொண்டுவந்து வேலிக்கு மேலாக நீட்டினாள். "உங்க கரண்டியை வச்சுக்கிட்டு இதெல்லாம் ஆகாதுக்கா."

வாரத்துக்கு ஒரு முழம். அதற்குமேல் ஆசைப்படக்கூடாது என்று சண்முகசுந்தரி தனக்குத்தானே ஒரு கட்டு போட்டுக்கொண்டாள். புல்லை ஒரு முழ நீளம், ஒரு முழ அகலத்துக்கு வேரோடு எடுப்பாள். அந்த இடத்தில் பொடுதலைக் கொடியைச் சாண் இடைவெளியில் ஊனுவாள். பாத்திரம் கழுவின தண்ணீரை ஒரு செம்பு ஊற்றுவாள். பத்து நாள் கவனித்தால் போதும், பிறகு அது தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டது. பிடுங்கின புல் வேலி தாண்டித் திருமலைச்சாமியின் மாட்டுக்குப் போனது.

மெஷின் ஒன்றுதான் ஆபத்து. அதற்கும் வழி கண்டுபிடித்தாள்.

"ஏங்க, கீழ் ஓரத்துல கல்லு கெளம்பிக் கெடக்குங்க. பிளேடு போயிரப் போகுது."

பிளேடு என்றதும் ஞானவேல் ஓரத்தை விட்டுவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் அவருக்கு எல்லாம் ஒரே பச்சைதான். அந்த மெஷினைக் கடைக்குட்டிப் பிள்ளைபோல் துடைத்து வைக்கிறவர். அடுத்த மாதம் கல் இன்னும் கொஞ்சம் மேலே கிளம்பியது. அதற்கடுத்த மாதம் இன்னும் கொஞ்சம்.

ஐப்பசி மழை வந்தது. மழைக்கு முன்னால் அவள்தான் பொடுதலையை நகர்த்திக்கொண்டிருந்தாள். மழைக்கப்புறம் பொடுதலை அவளை இழுத்துக்கொண்டு போனது. காலையில் போய்ப் பார்த்தால் புல்லுக்குள்ளே நாலு விரல் உள்ளே போயிருக்கும். அதிகமானதைக் கிள்ளி வந்து, உளுத்தம்பருப்பும் தேங்காயும் மிளகாய் வற்றலும் வறுத்து வைத்துத் துவையல் அரைத்தாள். ஞானவேல் ஒரு வாய் போட்டுக்கொண்டு இன்னொரு கரண்டி கேட்டார்.

"நல்லாருக்கே. என்ன கீரை?"

"நம்ம தோட்டத்துக் கீரைதாங்க."

"பாத்தியா, மலை மண்ணுன்னா மண்ணுதான்" என்றார் அவர், பெருமையாக.

அவளுக்குப் புரையேறியது. அவரே தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

தை பிறந்ததும் பூசக்கூட்டத்துக்குக் கடையில் ஆள் போதாது என்று செந்தில்வேல் அப்பாவைக் கூப்பிட்டான். ஞானவேல் பன்னிரண்டு நாள் அடிவாரத்தில் தங்கினார். பஸ் ஏறும்போது புல்லுக்குத் தண்ணீர் விட மறக்காதே என்று மூன்று தடவை சொன்னார். பஸ் வளைவில் மறைந்த கையோடு சோலையம்மாள் வேலிக்கம்பியைத் தூக்கிப் பிடித்துக் குனிந்து இந்தப் பக்கம் வந்துவிட்டாள். வாரம் ஒரு முழம் என்ற கட்டெல்லாம் அந்தப் பன்னிரண்டு நாளில் காற்றில் போனது. தினமும் மூன்று முழம் நகர்ந்தது. நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரும் காப்பி குடித்தார்கள். பொடுதலைமேல் உட்கார்ந்தால் சேலை ஈரமாகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை சண்முகசுந்தரி இரண்டு வாளி ஊற்றித் தலைக்குக் குளித்து, முடியை விரித்துப்போட்டு, கேட்டருகே வெயிலில் நின்றாள். அந்தப் பலகைக்குப் பக்கத்தில்தான் நின்றாள்.

மாசி முதல் ஞாயிற்றுக்கிழமை ஞானவேல் மெஷினை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார். மேலே வந்து காப்பியைக் கையில் வாங்கியும் குடிக்கவில்லை.

"சுந்தரி, மொதமொதல்ல மெஷின் வாங்கினப்ப எத்தனை நடை நடந்தா புல்லு முடியும், ஞாபகம் இருக்கா?"

"எனக்கென்னங்க தெரியும்?"

"இருபத்தாறு. நான் எண்ணுவேன். இன்னைக்குப் பதினாலுல முடிஞ்சு போச்சு."

"கல்லு கெடக்குன்னு ஓரத்தை விட்டீங்கள்ல."

"கல்லுக்குன்னு ரெண்டு நடை விடலாம். பன்னெண்டு நடையா விடுவாங்க?" அவர் குரலைத் தாழ்த்தினார். "நிலம் குறையுது. அந்தத் திருமலை வேலியைத் தள்ளிக்கிட்டே வர்றான்."

இது சண்முகசுந்தரியின் கணக்கில் இல்லாத திருப்பம். அவர் சந்தேகப்பட்டால் காட்டுமாட்டின் மேல் பழி போடலாம் என்று வைத்திருந்தாள். காட்டுமாடு வந்து கேட்கப் போவதில்லை. திருமலைச்சாமி வாய் பேசாத மனுஷர். தன் பீன்ஸ் விளைந்தால் முதல் கூடையை இவர்கள் வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர்.

"அவரு அப்படிச் செய்ய மாட்டாருங்க."

"பதினாலு நடை, சுந்தரி. நானா பொய் சொல்றேன்?"

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினாள். அதற்குள் அவர் கொடைக்கானலில் ஒரு சர்வேயருக்குப் போன் போட்டுவிட்டார்.

புதன்கிழமை காலையில் வந்த சர்வேயர் ஜெயப்பிரியா என்ற இளம்பெண். முக்காலியில் ஒரு கருவி, தோளில் டேப், கையில் நிலத்தின் எல்லை காட்டும் புலப்பட நகல். ஞானவேல் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்னால் நடந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் திருமலைச்சாமியும் சோலையம்மாளும் வந்து நின்றார்கள். சோலையம்மாள் சண்முகசுந்தரியைப் பார்த்தாள். இரண்டு பேரும் வேறு வேறு திசையில் திரும்பிக்கொண்டார்கள்.

ஜெயப்பிரியா ஒரு மணி நேரம் அளந்தாள். புதருக்குள் புதைந்திருந்த எல்லைக்கல்லைத் தேடி எடுத்தாள். படத்தை விரித்தாள், மறுபடி அளந்தாள்.

"சார், வேலி தள்ளித்தான் இருக்கு."

ஞானவேல் திருமலைச்சாமியை ஒரு பார்வை பார்த்தார்.

"ரெண்டடி. ஆனா உங்க பக்கம் இல்ல சார். நீங்கதான் அவங்க நெலத்துக்குள்ள போயிருக்கீங்க."

கீழே ரோட்டில் ஒரு பஸ் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது.

"அது எனக்குத் தெரியுமேம்மா" என்றார் திருமலைச்சாமி. "வேலி போட்டப்பவே பாத்தேன். புதுசா வந்த ஆளு, வந்ததும் வராததுமா சண்டை எதுக்குன்னு விட்டுட்டேன்."

ஞானவேலின் சட்டைக் கஞ்சி அப்படியே தளர்ந்தது போலிருந்தது. ஆனாலும் அவர் விடவில்லை. "அப்ப என் புல்லு? இருபத்தாறு நடை பதினாலு ஆயிருக்கே, அது எங்க போச்சு?"

ஜெயப்பிரியா கருவியை மடக்கிக்கொண்டே காலடியைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். ஒரு கொடியைக் கிள்ளி முகர்ந்தாள்.

"நெலம் அப்படியே இருக்கு சார். புல்லுதான் குறைஞ்சிருக்கு. இது பொடுதலை. எங்கம்மா எண்ணெய் காய்ச்சுவாங்க. தானா மொளைச்ச மாதிரி தெரியலயே, வரிசையா நட்டுருக்கு. யாரோ நல்லாப் பாத்துக்கிட்டிருக்காங்க."

ஞானவேல் மெதுவாகத் திரும்பினார். "சுந்தரி. உன்னையக் களை பிடுங்கத்தானே சொன்னேன்?"

"களையைத்தாங்க பிடுங்கினேன்" என்றாள் சண்முகசுந்தரி.

வேலிக்கு அந்தப் பக்கம் சோலையம்மாள் சட்டென்று பீன்ஸ் செடிக்குள் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தாள். அவள் முதுகு குலுங்கியது.

ஜெயப்பிரியா போன பிறகு வீட்டுக்குள் பேச்சு நடந்தது. சத்தம் அதிகமில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேங்க. மூணு கோடையாச் சொன்னேன். தலைக்குக் குளிக்கத் தண்ணி இல்லைன்னேன். நீங்க மெஷினை ஓட்டிக்கிட்டு இருந்தீங்க. சத்தத்துல கேக்கல போல."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் தின்ன துவையல்?" என்றார்.

"அதுதாங்க."

"எத்தனை நாளா?"

"கார்த்திகையில இருந்து."

ஞானவேல் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாளே ஆள் வைத்து வேலியை இரண்டடி தள்ளிப் போட்டார். கெடக்கட்டும்ண்ணே என்று திருமலைச்சாமி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அந்த விஷயத்தில் அவர் நேர்மையான மனுஷர். கூடவே ஒரு சபதமும் போட்டார்: மே மாசம் அடிவாரத்துக் கடைக்காரர்கள் பன்னிரண்டு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார், அதற்குள் இந்தப் பூண்டை ஒழித்துக்கட்டிப் பழையபடி புல்தரை.

நாலு நாள் மனைவியிடம் பேசாமல் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மெஷினை வெளியே எடுத்தார். வெட்டுப்பட்டது விழுகிற பையைக் கழற்றி வீசினார். நேராகப் பொடுதலைமேல் ஏற்றினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, அந்தக் கோடியிலிருந்து புல்லுக்குள். மெஷினின் பக்கவாட்டிலிருந்து பச்சைத் துணுக்குகள் மழைபோலப் பறந்து புல்தரை முழுவதும் விழுந்தன. திரும்பத் திரும்ப ஓட்டினார். முகமெல்லாம் வேர்த்து, வேட்டியெல்லாம் பச்சையாகி, வெற்றி பெற்றவர்போல நின்றார்.

சண்முகசுந்தரியும் சோலையம்மாளும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று பார்த்தார்கள். ஒவ்வொரு துணுக்கிலும் ஒரு கணு இருக்கும், ஒவ்வொரு கணுவும் வேர் விடும் என்பது இருவருக்கும் தெரியும்.

"அக்கா, சொல்லிருவமா?"

"எதுக்கு? இவ்வளவு ஆசையா நடவு பண்றாரு. நம்ம எதுக்கு இடையில?"

அந்த ராத்திரியே கோடை மழை ஒன்று கொட்டியது. இரண்டு நாள் விட்டு இன்னொன்று. மண் குளிர்ந்து நெகிழ்ந்தது. பங்குனி கடைசியில் ஞானவேல் மாடி முகப்பிலிருந்து பார்த்தபோது, அவர் மூன்று வருஷமாகப் பொத்திப் பொத்திக் காப்பாற்றியிருந்த பதினாலு நடைக்குள்ளும் அங்கங்கே வெள்ளைப் பூ தலையாட்டியது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

சித்திரை பிறந்ததும் வெயில் பிடித்துக்கொண்டது. சீசன் கூட்டம் மலை ஏறியது. பெருமாள்மலை முக்கில் கார்கள் நகராமல் நின்றன. ஓட்டல்களுக்கே தண்ணீர் போதவில்லை. லாரிக்காரர் வியாழக்கிழமை வரவில்லை, அடுத்த வியாழக்கிழமையும் வரவில்லை, அதற்கடுத்த வாரம் போனையே எடுக்கவில்லை. மெக்சிகன் புல் முதலில் மஞ்சளாகி, பிறகு வைக்கோல் நிறத்துக்கு வந்து, கடைசியில் காலில் குத்துகிற குச்சியானது. ஞானவேல் தன் அரை வாளியில் பாதியைக் கொண்டுபோய் ஊற்றிப் பார்த்தார். அதைப் பார்த்தபோது சண்முகசுந்தரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, காலி வாளியோடு நின்ற நிலையில் இருபது வயசுப் பையனாகத் தெரிந்தார்.

"விடுங்க. வேர் போயிருச்சு" என்றாள். வாளியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

செத்த புல்லின் மேலேயே பொடுதலை ஏறிப் படர்ந்தது. கடைக்காரர்கள் வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை அங்கே வைக்கோல் கண்ணுக்குத் தெரியவில்லை. போக்குவரத்து நெரிசலில் மூன்று மணி நேரம் வேனில் வெந்து வந்த பன்னிரண்டு பேரும் கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு நிமிஷம் நின்றார்கள். வழிநெடுக எல்லா வீட்டு முற்றமும் காய்ந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள்.

கடைக்காரர் சங்கத் தலைவர் மணியன் பலகையைப் படித்தார். "மிதிக்கக்கூடாதோ?"

ஞானவேல் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய்க் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஒருத்தர் துண்டை விரித்துப் படுத்தேவிட்டார். தேனீக்கள் அவர் காதோரம் பூவுக்குப் பூ போய்வந்தன. ஞானவேலின் கை தானாக நீண்டது, எழுப்பிவிடுவதற்குப் போல. பிறகு அந்தக் கை இடுப்புக்குப் போனது.

"உக்காருங்க, உக்காருங்க. இது மிதிக்கிறதுக்குன்னே வச்சது" என்றார்.

காப்பித் தட்டோடு வந்துகொண்டிருந்த சண்முகசுந்தரி நடையைக் குறைத்தாள்.

"புல்லு போடப் போறேன்னு சொன்னீரு?" என்றார் மணியன்.

"புல்லெல்லாம் பழைய பாஷன் ஓய். தண்ணியாக் குடிக்கும், ஆளைக் கொன்னுரும். நல்லா யோசிச்சுத்தான் இதை வச்சேன். பொடுதலை. மழை இல்லாட்டியும் கெடக்கும், வெட்ட வேண்டியதில்ல, துவையலும் ஆகும்."

எல்லாரும் சண்முகசுந்தரியைப் பார்த்தார்கள். ஞானவேலும் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஆமாங்கண்ணே. இந்த நடுப்பகுதி பூரா அவரே நட்டதுதான். ஒரு ஞாயித்துக்கெழமை பூரா, வேர்க்க வேர்க்க நட்டாரு. சோலைகூடப் பாத்துச்சு, வேணும்னா கேளுங்க."

அதில் ஒரு எழுத்து பொய் இல்லை. ஞானவேல் காப்பியை அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"அப்ப எனக்கும் நாலு கொடி கொடும்" என்றார் மணியன். "எப்படி ஊனணும்னு காட்டும்."

முழங்கால் மடங்காத ஞானவேல் ஒருவழியாகத் தரையில் உட்கார்ந்தார். ஒரு கொடியைப் பிய்த்தார். எது தலை, எது அடி என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். சண்முகசுந்தரி வெகு கவனமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் இலை நுனியை மண்ணுக்குள் செருகி, வேரை வெயிலில் விட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டினார்.

"இப்படித்தான்."

"அப்படியா" என்று பன்னிரண்டு பேரும் தலையாட்டினார்கள். சாயங்காலம் ஆளுக்கொரு பையில் பொடுதலையோடு மலை இறங்கினார்கள்.

பத்து நாள் கழித்து மணியனிடமிருந்து போன் வந்தது. சண்முகசுந்தரி அப்போது அரிவாள்மணையில் வாழைப்பூ நறுக்கிக்கொண்டிருந்தாள். ஞானவேல் பேசப் பேச அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"கருகிப் போச்சா? எல்லாமா? தண்ணி விட்டீரா? எவ்வளவா? அது வந்து..." போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மனைவி பக்கம் குனிந்தார். "மொதல்ல எத்தனை நாளைக்கு ஒருக்காத் தண்ணி விடணும்?"

அவள் வாழைப்பூவின் நரம்பை உருவிக்கொண்டிருந்தாள்.

"சுந்தரி, வெரசாச் சொல்லு. லைன்ல இருக்காரு."

"யாரு நட்டது?"

"என்ன?"

"அந்தப் பொடுதலையை யாரு கொண்டாந்தது, யாரு நட்டதுன்னு அவருகிட்டச் சொல்லுங்க. தண்ணிக் கணக்கு தானா வரும்."

போனுக்குள்ளிருந்து மணியன் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஞானவேல் கூரையைப் பார்த்தார், அரிவாள்மணையைப் பார்த்தார், பிறகு போனைக் காதில் வைத்தார்.

"மணியன், ஒரு நிமிஷம். நட்ட ஆளுகிட்டக் கொடுக்கிறேன்."

சண்முகசுந்தரி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

"அண்ணே, மொதல்ல அதைப் பிடுங்கித் திருப்பி நடுங்க" என்றாள்.